நிதானமா வாங்க சார்

விமானக் கம்பெனியின் கவுண்டருக்குப் பின்னால் நிற்பதற்கு ஜெயபாலனுக்கு மூன்று மாதம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். டை கட்டுவது எப்படி, சட்டைக் கை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், நகத்தில் அழுக்கு இருக்கக்கூடாது, வெற்றிலை போட்ட வாயோடு வரக்கூடாது. இத்தனைக்கும் மேலே ஒரு பாடம் இருந்தது. பயணியிடம் 'முடியாது' என்று சொல்லவே கூடாது. அவர் என்ன கேட்டாலும் சரி, சிரித்த முகத்தோடு 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்ல வேண்டும். முடிகிறதா இல்லையா என்பதெல்லாம் பிற்பாடு. பஸ்ஸில் போகிறவன் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்பான். ஏரோப்ளேனில் போகிறவனோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி தன்னைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பான், அவன் கொடுக்கும் காசே அதற்குத்தான் என்று மேனேஜர் துரை விளக்கினார்.

பையன் கெட்டிக்காரன், கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டான். காற்றாடிச் சத்தம் கேட்காத இடத்தில் சீட்டு வேண்டும் என்பாள் ஒரு தோட்டத் துரையின் சம்சாரம். "பார்த்துக்கொள்கிறோம் மேடம்." தன் சண்டைச்சேவலை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவேன் என்பார் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளி. "பார்த்துக்கொள்கிறோம் தவுக்கே." அந்த அம்மாளுக்குக் காற்றாடிக்குப் பக்கத்துச் சீட்டுதான் கிடைத்தது. சேவல் மூட்டை முடிச்சுகளோடு போயிற்று. இருவரும் சண்டைக்கு வரவில்லை. இனிப்பாக ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் பாதிப் பேருக்கு அதிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. இதை ஜெயபாலன் ஆறே மாதத்தில் தெரிந்துகொண்டான். தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம், பாவி.

இது 1956-ம் வருஷத்துக் கதை. அடுத்த வருஷம் நாட்டுக்குச் சுதந்திரம் என்று மலாக்கா முழுக்க ஒரே பேச்சு. அந்தக் கவுண்டருக்குப் பின்னால் அதுவரை ஒரு தமிழனும் நின்றதில்லை. ஆகவே 'நம்ம காஜா பெராங் பையன் ஏரோப்ளேன் ஆபீஸ்ல இருக்கான்' என்று மலாக்காவின் அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கெல்லாம் வாய்கொள்ளாப் பெருமை. அதில் முதல் ஆள் கலியாணசுந்தரம்.

கலியாணசுந்தரம் நகராட்சித் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்ப்பவர். ஐம்பத்து நாலு வயது. ஜெயபாலன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். தெருவில் அவனுக்கு அவர் மாமா. அவரைத் தெரியாத வீடு காஜா பெராங்கில் கிடையாது. தெரியாத பஸ்ஸும் கிடையாது. ஜன்னலோரச் சீட்டில் குடையைப் போட்டுவிட்டு இறங்கி, காப்பிக்கடையில் நின்று சாவகாசமாக ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்பி வருவார். குடை கிடக்கிறது என்றால் ஆள் வருகிறார் என்று அர்த்தம். அதுவரை கண்டக்டர் விசில் ஊத மாட்டான். பஸ்ஸில் இருப்பவர்களும் முணுமுணுக்க மாட்டார்கள், நாளைக்கு அவர்கள் துண்டும் அந்தச் சீட்டில் கிடக்குமே! துண்டு போட்ட இடம் துண்டு போட்டவனுக்கு. நம் ஜனங்களுக்கு இதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டா?

அவருக்கு ஒரே மகன், ராஜரத்தினம். இருபத்து நாலு வயது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் தொழிலாளர் சங்கத்துக்குக் கணக்கெழுதப் போனவன், வேலை நிறுத்தத்தில் பிடிபட்டு எட்டு மாதமாக உள்ளே கிடந்தான். அவனை இந்தியாவுக்கு நாடு கடத்தப் போவதாகப் பேச்சு. இந்தியாவுக்காம்! அவன் கால் அந்த மண்ணில் பட்டதே இல்லை. பிறந்தது, மண்ணைத் தின்றது, அடிபட்டது எல்லாம் காஜா பெராங்கில். அடையாளக் கார்டு பதிந்த காலத்தில் எவனோ ஒரு ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, வரிசையில் நின்ற தமிழர்கள் அத்தனை பேருக்கும் பிறந்த இடம் இந்தியா என்று கேட்காமல் கொள்ளாமல் எழுதித் தள்ளியிருக்கிறான். அவன் கை அழுகிப் போக. ஒரு பேனாக் கீறலில் ஒருவனுடைய ஊரையே பிடுங்கிவிட்டான்.

இங்கே பிறந்தவன் என்று காட்டிவிட்டால் நாடு கடத்த முடியாது. அதைக் காட்டுவதற்குப் பிறப்புப் பத்திரம் இருந்தது. சிங்கப்பூர் லாயர் அதைத் தபாலில் அனுப்பச் சொல்லி இரண்டு முறை எழுதினார். தபாலில் போட்டுத் தொலைந்துவிட்டால் என்ன செய்வது, கேஸ் வரும்போது நானே கையோடு கொண்டு வருகிறேன் என்று கலியாணசுந்தரம் பதில் எழுதிவிட்டார். கேஸ் அடுத்த மாதம் வரும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தந்தி வந்தது. இன்று மாலை நாலு மணிக் கப்பலில் ராஜரத்தினத்தை ஏற்றுகிறார்கள், பத்திரத்தோடு உடனே வரவும்.

சடக்கு வழியாக, ரோட்டில் போனால் இரண்டு ஆற்றில் படகு பிடிக்க வேண்டும், எட்டு மணி நேரம் ஆகும். ஏரோப்ளேனில் போனால் ஒரு மணி நேரம். பதினொன்று இருபதுக்கு ஒன்று இருந்தது. அதற்கு இடமும் இருந்தது.

ஒன்பதரை மணிக்குக் கலியாணசுந்தரம் கம்பெனி ஆபீசில் வந்து நின்றார். கோட்டுப் போட்டிருந்தார். கையில் பூட்டுப் போட்ட ஒரு தோல்பை. பணத்தைக் கட்டினார். எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள், ஏறி இறங்கினார். பிறகு பையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு, ஏதோ பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார்.

"தம்பி, இது இங்கயே இருக்கட்டும். பத்தரைக்கு மேல ராகு காலம். ஏர்போர்ட்டுக்குப் போற ஒங்க வண்டி கரெக்டா அப்பதான் கெளம்புது, ஏரோப்ளேனும் ராகு காலத்துலதான் ஏறுது. அதான் ஒங்க அத்தை பரஸ்தானம் பண்ணச் சொல்லிட்டா."

ஜெயபாலனுக்கு விளக்க வேண்டியதில்லை. கெட்ட நேரத்தில் கிளம்ப வேண்டியிருந்தால், பயணச் சாமானை முன்கூட்டியே நல்ல நேரத்தில் வாசல் தாண்டி வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கியதாகக் கணக்கு. ஆள் பிறகு எப்போது கிளம்பினாலும் தோஷம் இல்லை.

"பொறப்பு சூரா, அந்தப் பத்திரம், எடுத்துக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டான். தெருவில்தான் மாமா, கவுண்டரில் எல்லோரும் சார்.

"இதுக்குள்ளதான் இருக்கு. எந்தக் காரியத்துக்குப் போறமோ அதுதானே மொதல்ல வாசல் தாண்டணும்? மத்ததெல்லாம் வெறும் வேட்டி சட்டை." சாவியை அரைஞாணில் முடிந்திருப்பதைத் தட்டிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம் தம்பி. எஞ்சினியர் துரைகிட்ட லீவு எழுதி வாங்காம நான் போக முடியாது. சொல்லாமப் போனா முப்பது வருஷ வேலை போயிடும். அவரு பத்து மணிக்கு வருவாரு. வாங்கிட்டு டாக்சியில நேரா பத்து பெரெண்டாம் ஏர்போர்ட்டுக்கே வந்துடுறேன். கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா ஏரோப்ளேன் நிக்கும்ல?"

நிற்காது. அது ஜெயபாலனுக்குத் தெரியும். கவர்னருக்கே நிற்குமா என்பது சந்தேகம். நிற்காது மாமா, லீவாவது மண்ணாங்கட்டியாவது, இப்படியே வந்து வண்டியில் ஏறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்குப் பின்னால் மேனேஜர் துரை நின்றுகொண்டிருந்தார். நாக்கும் பழகிப்போயிருந்தது.

"நான் பார்த்துக்கிறேன் சார். நிதானமா வாங்க."

"எனக்குத் தெரியும் தம்பி, நீ இருக்கிற தைரியத்துலதான் கேட்டேன்," என்றார் கலியாணசுந்தரம். பைக்கான ரசீது அட்டையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நிதானமாகவே நடந்து போனார்.

எஞ்சினியர் துரை அன்றைக்குப் பத்து மணிக்கு வரவில்லை. பத்தரைக்கும் வரவில்லை. கலியாணசுந்தரம் அந்த அறை வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள், பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டுப் போங்களேன் என்றார்கள். "பரவாயில்ல, பை ஏறிடுச்சு, நம்ம பையன் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கான்," என்றாராம். பதினொன்று ஐந்துக்கு எஞ்சினியர் வந்து கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரத்தில் பத்து பெரெண்டாமில் டகோட்டா விமானம் வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது. பதினெட்டுப் பயணிகள் ஏறியாயிற்று. மேனேஜர் துரையோடு ஆபீஸ் வண்டியில் வந்திருந்த ஜெயபாலன் தட்டில் மிட்டாயும் காதில் வைக்கப் பஞ்சும் ஏந்திக்கொண்டு சீட்டு சீட்டாகப் போனான். ஒரு தடவை போனவன், வேண்டுமென்றே இரண்டாம் தடவையும் போனான். அப்படியாவது ஐந்து நிமிஷம் ஓடட்டுமே என்று பார்த்தான். மணி பதினொன்று இருபதைத் தாண்டிவிட்டது.

"என்ன, நாள் முழுக்க மிட்டாய்தான் தரப்போகிறீர்களா?" என்று இங்கிலீஷில் எரிந்து விழுந்தாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள். முகமெல்லாம் வேர்த்து வடிந்தது. "இந்த அடுப்புக்குள் உட்கார்ந்திருக்கவா பணம் கட்டினோம்? நேரத்துக்குக் கிளம்பக்கூடத் தெரியாது, இவர்களுக்குச் சுதந்திரம் ஒரு கேடு." பின்சீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் புகார்ப் புத்தகம் கேட்டார்.

ஜெயபாலன் இறங்கி மேனேஜர் துரையிடம் ஓடினான். "இன்னும் ஒருவர் வர வேண்டும் ஐயா. அவர் மகனுடைய வழக்கு விஷயம். பத்தே நிமிஷம்."

துரை பட்டியலைப் பார்த்தார். "வந்திருக்கும் பதினெட்டுப் பேரை வராத ஒருவருக்காக வேகவைக்க முடியாது," என்றார். பார்த்தீர்களா, அவருக்கு 'முடியாது' என்ற சொல் எவ்வளவு சுலபமாக வந்தது! பயணியிடம்தான் சொல்லக்கூடாது, கீழே வேலை செய்கிறவனிடம் தாராளமாகச் சொல்லலாம்.

"அந்த ஆளுடைய பையை இறக்கிவிடு," என்றும் சொன்னார்.

ஜெயபாலன் சட்டென்று யோசித்தான். பையை இறக்கினால் பத்திரம் இங்கேயே கிடக்கும். சடக்கு வழியாக நாலு மணிக்குள் போய்ச் சேராது. பை ஏரோப்ளேனிலேயே போனால் பன்னிரண்டரைக்குச் சிங்கப்பூரில் இருக்கும். லாயர் வந்து வாங்கிக்கொள்ளலாம். "பை அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது ஐயா, எடுப்பதற்குக் கால் மணி நேரம் ஆகும்," என்று பொய் சொன்னான். துரை தலையாட்டினார். கதவு மூடியது. அவன் அன்றைக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

விமானம் தென்னைமரங்களுக்கு மேலே ஏறி மறைந்து எட்டு நிமிஷம் கழித்து டாக்சி வந்தது. கலியாணசுந்தரம் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஓடுதளத்தைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"நல்லவேளை, இன்னும் வரலியா? நான் பயந்தே போயிட்டேன்," என்றார்.

"போயிடுச்சு சார்."

"எது?"

"ஏரோப்ளேன். போயிடுச்சு மாமா."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. "பை அதுலதானே இருக்கு?" என்றார். "பை உள்ள இருக்கும்போது என்னை வுட்டுட்டு எப்படித் தம்பி போவும்?" கோபத்தோடு கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் ஜெயபாலனைக் கொன்றது.

அவன் அவரை உள்ளே கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தான். தன் யோசனையைச் சொன்னான். பை போய்ச் சேர்ந்துவிடும், லாயரிடம் கொடுக்கச் சொல்லிவிடலாம். அவர் முகத்தில் மறுபடி உயிர் வந்தது. முதலில் லாயருக்குப் போன் போட்டார்கள். லாயர் உடனே விமான நிலையத்துக்குக் கிளம்புவதாகச் சொன்னார். பிறகு ஜெயபாலன் சிங்கப்பூர் நிலையத்துக் கவுண்டரைப் பிடித்தான். அதற்குள் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது.

அந்தப் பக்கம் பேசியவன் குரலில் தேன் வழிந்தது. ஜெயபாலன் எல்லாவற்றையும் சொன்னான். ஒருவனைக் கப்பலில் ஏற்றப்போகிறார்கள், காகிதம் பைக்குள் இருக்கிறது, ரசீது அட்டை பயணியிடம் இங்கே மாட்டிக்கொண்டது, லாயர் வருவார், பையை அவர் கையில் கொடுங்கள், பூட்டை உடைத்தாலும் பயணிக்குச் சம்மதம்.

"அப்படியா, மிகவும் வருத்தமான விஷயம்," என்றான் அவன். "கவலையே வேண்டாம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

அந்தக் குரல் யாருடையது? ஜெயபாலனுடையதேதான். அதே சிரிப்பு, அதே இழுவை. ஒரு நாளைக்கு முப்பது தடவை அந்த வார்த்தையை விற்கிறவனுக்கு அதன் விலை தெரியாதா? கொடுப்பாயா மாட்டாயா, ஒரே வார்த்தையில் சொல் என்று கத்த வாய் திறந்தான். எதிரே மேனேஜர் துரை காகிதத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சிங்கப்பூர்த் தலைமை நிலையத்து ஆளிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டு மறுநாள் வேலையில் இருக்க முடியுமா? இன்னும் ஆறு மாதம் தகுதிகாண் காலம் பாக்கி.

"மிக்க நன்றி," என்று சொல்லி போனை வைத்தான்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கலியாணசுந்தரம்.

"பார்த்துக்கிறாங்களாம் மாமா." அவர் கண் இன்னும் அவன் வாயைவிட்டு நகரவில்லை. அதைத் தாங்க முடியாமல், "பை லாயர் கைக்குப் போயிடும்," என்று தானாகவே சேர்த்துச் சொன்னான். யாரும் சொல்லாத வார்த்தை அது.

அவர் கைகூப்பினார். யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மனம் ஆறவில்லை போலிருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எதுக்கும் ரிஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரட்டுமா தம்பி? ரத்தினம் பொறந்தது அங்க பெரிய புத்தகத்துல எழுதியிருப்பாங்கல்ல? அவங்களாப் பார்த்து ஒரு தந்தி கிந்தி அடிச்சாங்கன்னா..."

"எதுக்கு மாமா இந்த வெயில்ல? அதான் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டாங்களே. நீங்க உக்காருங்க. அலையாதீங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன இடத்தில் உட்கார்ந்து பழகிய மனிதர். நாலு மணி வரைக்கும் அந்த பெஞ்சைவிட்டு நகரவில்லை. ஜெயபாலன் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து கொடுத்தான். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தான். தலைவலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டான். ஏரோப்ளேன் பயணிக்கு என்னென்ன உபசாரம் உண்டோ அத்தனையும் செய்தான். உபசாரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் நடுநடுவே மகனைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் அவனுக்குத் தண்ணீர் என்றால் பயம், கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுவான், கப்பலில் எப்படி இருப்பானோ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, "அதான் ஏத்த மாட்டாங்களே," என்று தானே சிரித்துக்கொண்டார். ஜெயபாலனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவனை நாலு அறை அறையலாம்.

ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவன் போன் பக்கம் போனான். இரண்டு தடவையும் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டான். உண்மையைத் தெரிந்துகொண்டால் அதை அவரிடம் சொல்ல வேண்டி வருமே! தெரியாத வரைக்கும் சிரித்துக்கொண்டு இருக்கலாம்.

நாலு இருபதுக்குப் போன் அடித்தது. லாயர்.

"ஒன்றரை மணியிலிருந்து இங்கே நிற்கிறேன்," என்றார். தொண்டை கட்டிப்போயிருந்தது. "நாற்காலி போட்டார்கள், காப்பி கொடுத்தார்கள், பேப்பர் கொடுத்தார்கள். பையை மட்டும் கொடுக்கவில்லை. கேட்டால் பார்த்துக்கொள்கிறோம், பார்த்துக்கொள்கிறோம். மூன்று மணிக்கு நான் கூச்சல் போட்ட பிறகுதான் ஒருவன் வந்து, பயணியின் பை எங்களுக்குப் புனிதமானது, ரசீது அட்டை இல்லாமல் யாருக்கும் தரமாட்டோம் என்கிறான். அதற்குப் பிறகு நான் துறைமுகத்துக்கு ஓடி என்ன செய்வது? கப்பல் கிளம்பிவிட்டது."

பெஞ்சுப் பக்கம் கேட்டுவிடக்கூடாது என்று ஜெயபாலன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். லாயர் நிறுத்தவில்லை.

"உங்களுக்கு முன்னமே சந்தேகம் வரவில்லையா? மலாக்கா ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து ஒரு தந்தி வந்திருந்தால் போதுமே. இந்தத் தேதியில் இங்கே பிறந்தவன் என்று ஒரே ஒரு வரி. அதை வைத்து அவனை இறக்கியிருப்பேன். மத்தியானம் முழுக்க நேரம் இருந்ததே, ஐயா! இனிமேல் அவன் திரும்பி வர பெர்மிட் வேண்டும். இப்படி அனுப்பப்பட்டவன் எவனுக்கும் அந்தப் பெர்மிட்டைக் கொடுத்து நான் பார்த்ததில்லை."

போனில் வந்தது ஜெயபாலன் காதுக்கு மட்டும்தான் கேட்டது. அவன் திரும்பி, "கப்பல் போயிடுச்சு மாமா," என்று மட்டும் சொன்னான். கலியாணசுந்தரம் அழவில்லை. ரசீது அட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குப் போகப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

திங்கட்கிழமை விமானத்தில் பை திரும்பி வந்தது. மேனேஜர் துரைக்கு அதில் ஒரே பெருமை. வக்கீல் மிரட்டியும் நம் ஆள் அசையவில்லை பார்த்தாயா, ஒரு பயணி நம்மிடம் எதிர்பார்ப்பது இதைத்தான், அவர் பொருள்மேல் அந்நியன் கை படக்கூடாது என்றார். கம்பெனி செலவிலேயே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, நல்ல நிலையில் கிடைத்தது என்று கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்.

ஜெயபாலன் டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தோல்பையோடு காஜா பெராங்குக்கு நடந்தான். மாமா வீட்டில் வெள்ளிக்கிழமையிலிருந்து அடுப்பு சரியாக எரியவில்லை என்று அவன் வீட்டில் பேசிக்கொண்டார்கள். வாசலில் அவனைப் பார்த்ததும் கலியாணசுந்தரம் எழுந்து வந்தார்.

"வா தம்பி, வா. பொன்னம்மா, ஜெயபாலு வந்திருக்கு, காப்பி போடு."

அவர் சம்சாரம் பொன்னம்மாவுக்குக் கண்கள் வீங்கியிருந்தன. அந்த நிலையிலும் அவனுக்குக் காப்பி ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். கலியாணசுந்தரம் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துப் பையைத் திறந்தார். பத்திரம் மேலேயே இருந்தது, வெள்ளைத் துணியில் சுற்றி, மூலையில் மஞ்சள் தடவி. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"ஒன்மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி," என்றார் அவர். "நீ எவ்வளவோ பாடுபட்ட. நான் ஒங்க அத்தைகிட்டயும் சொன்னேன், பெத்த புள்ள மாதிரி பக்கத்துலயே இருந்தான்னு."

"நீ நல்லா இருக்கணும்ப்பா," என்றாள் பொன்னம்மா. "ஒனக்குத்தான் பெரிய துரைங்களையெல்லாம் தெரியுமே. இந்தக் காயிதத்தக் காட்டி பெர்மிட்டு வாங்கிக் குடுத்தா அவன் ஒரு வருசத்துல திரும்பி வந்துடுவான்ல? நீ கொஞ்சம் பேசிப் பாரேன்."

வாய் தன் பாட்டுக்குச் சிரிப்பதற்குத் தயாராவதை ஜெயபாலன் உணர்ந்தான். அந்த வாயின்மேல் அவனுக்கே அருவருப்பு வந்தது. கல்லில் மோதிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

"முடியாது அத்தை," என்றான்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"பெர்மிட் கெடைக்காது. லாயரே சொல்லிட்டார். யாருக்கும் குடுத்ததில்லையாம்." நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று மடமடவென்று கொட்டினான். "அன்னைக்கு ஏரோப்ளேன் நிக்காதுன்னும் எனக்குத் தெரியும் மாமா. பன்னெண்டு மணிக்கு சிங்கப்பூர்க்காரன் பேசினப்பவே பை கொடுக்க மாட்டான்னு தெரியும். அவன் கொடுக்கிறேன்னு சொல்லவே இல்ல, நானாத்தான் சொன்னேன். ரிஜிஸ்டர் ஆபீசுலேர்ந்து ஒரு தந்தி வந்திருந்தா ரத்தினத்த எறக்கியிருப்பேன்னு லாயர் சொன்னார். அதை நான் ஒங்ககிட்ட சொல்லல."

பொன்னம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கலியாணசுந்தரம் திட்டுவார், அடிப்பார் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவர் பத்திரத்தை அந்த வெள்ளைத் துணியில் மறுபடியும் சுற்றினார். முடிச்சுப் போட வரவில்லை.

"நான் எந்திரிச்சேனே தம்பி," என்றார். சத்தமே இல்லாத குரல். "ரிஜிஸ்டர் ஆபீஸ் போறேன்னு கொடைய எடுத்துக்கிட்டு எந்திரிச்சு நின்னேனே. நீதானே உக்காரச் சொன்ன?"

கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் ஜெயபாலன் சட்டைப்பையில் இருந்தது, அதை அவன் எடுக்கவில்லை. பொன்னம்மா எழுந்து வந்து, அவன் முன்னால் இருந்த காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.